இசை முகாமில் மாணவர்கள் உண்மையில் எதைக் கற்கிறார்கள்?

முகாம் பற்றிய அறிவிப்பு வெளியானதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விகள் பெரும்பாலும் இறுதி நாள் நிகழ்ச்சியைப் பற்றியவையாகவே இருக்கின்றன: எத்தனை மணிக்குத் தொடங்கும், எங்கள் பெண் எந்த வரிசையில் அமர்வாள், காணொளி எடுக்க அனுமதி உண்டா? இவை நியாயமான கேள்விகள்தான். ஆனால், பள்ளியில் இசை கற்பிப்பவன் என்ற முறையிலும், ஒரு வட்டாரத்தின் பல பள்ளிகளிலிருந்து வந்து கூடும் மாணவர்களுக்குப் பிரிவு ஒத்திகை நடத்துபவன் என்ற முறையிலும், முகாமின் பயன் அந்த இறுதி மாலைக்கு முன்பே கிடைத்துவிடுகிறது, அல்லது கிடைக்காமலே போய்விடுகிறது என்று நான் கருதுகிறேன். தன் வாத்தியத்தின் ஒலியைப் பிறருடைய ஒலிக்குள் வைத்துக் கேட்கும் பழக்கம் ஒரு மாணவனுக்கு அங்கே வாய்க்க வேண்டும். மேடை, விளக்கு, கைத்தட்டல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இத்தகைய முகாம்கள் தோன்றியதற்குக் காரணமே பள்ளிகளில் ஆள் போதாமைதான். ஒரு பள்ளியில் கிளாரினெட் வாசிப்பவர் ஒருவர் இருப்பார். இன்னொரு பள்ளியில் மூன்று ட்ரம்பெட் இருக்கும், டபுள் பாஸ் ஒன்றுகூட இராது. தனித்தனியாக எந்தப் பள்ளியாலும் முழு ஆர்கெஸ்ட்ராவை அமைக்க முடியாது. எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டினால் முடியும். ஜோசப் மேடி என்ற அமெரிக்க இசையாசிரியர் 1928இல் மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லாக்கனில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஆர்கெஸ்ட்ரா முகாமைத் தொடங்கியது இந்த எண்ணத்தின் வழியில்தான். பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா 1948இல் தோன்றியது. ஹோசே அன்டோனியோ அப்ரேயு 1975இல் வெனிசுவேலாவின் கராகஸில் தொடங்கிய இயக்கம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தனிப் பயிற்சி முற்றிய பிறகு குழுவில் சேர்ப்பது என்ற வரிசையையே மாற்றி, குழுவில் அமர்ந்து வாசிப்பதையே பயிற்சியின் அடிப்படையாக ஆக்கியது. ஒரு சிறிய வட்டார முகாமுக்கு இவ்வளவு பெரிய முன்னோடிகள் எதற்கு என்று தோன்றலாம். தன் பள்ளியில் தனியாளாக வாசித்துப் பழகிய பிள்ளை, முதன்முறையாகத் தன்னைப் போன்ற எட்டுப் பேருக்கு நடுவே உட்காரும்போது நேர்வது எங்கும் ஒன்றுதான். அவளுக்குத் தன் ஒலி கேட்பதில்லை. உடனே உரக்க ஊதத் தொடங்குகிறாள். மற்ற ஏழு பேரும் அதையே செய்கிறார்கள்.

ஆகவே முதல் நாள் காலையைச் சுருதி சேர்ப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று நான் ஏற்பாட்டாளர்களிடம் வாதாடுவது வழக்கம். ஓபோ என்ற துளைக்கருவி ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதனுடன் சேர்ந்துகொள்வது ஆர்கெஸ்ட்ராவின் பழைய மரபு. அந்தச் சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள் என்ற அளவை 1939இல் லண்டனில் கூடிய மாநாடு பரிந்துரைத்தது. பின்னர் அது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. இன்று ஒவ்வொரு மாணவரின் கைப்பேசியிலும் டியூனர் செயலி இருக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் சுருதி சேர்ந்துவிட்டது என்று வாத்தியத்தை மடியில் வைத்துவிடுகிறார்கள். கால் மணி நேரம் கழித்துக் காற்று வாத்தியங்கள் எல்லாம் மேலேறியிருக்கும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அதில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது; வாசிப்பவரின் மூச்சுப் பட்டுக் குழலுக்குள் இருக்கும் காற்று சூடேற, சுருதியும் ஏறுகிறது. தந்தி வாத்தியங்களிலோ வெப்பம் கூடும்போது தந்தி தளர்ந்து சுருதி இறங்குகிறது. ஒரே அறையில் ஒரு பாதி மேலேயும் மறுபாதி கீழேயும் நகர்ந்துகொண்டிருக்கும் நிலையில், காலையில் எரிந்த பச்சை விளக்கால் என்ன பயன்?

இதற்கு நான் நடத்தும் பயிற்சி மிக எளிது. இரண்டு கிளாரினெட் மாணவர்களை எதிரெதிரே நிறுத்தி, ஒரே சுரத்தை மெதுவாக, நடுக்கமில்லாமல் நீட்டச் சொல்வேன். ஒருவர் 440லும் மற்றவர் 442லும் இருந்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். இயற்பியல் பாடத்தில் விம்மல்கள் என்று படித்து மதிப்பெண்ணும் வாங்கிய பிள்ளைகள், அதைக் காதால் கேட்டதே இல்லை என்பார்கள். அதன் பிறகு, சுருதி கூடியிருப்பவரிடம் குழலின் மேல் இணைப்பை மயிரிழை வெளியே இழுக்கச் சொன்னால் விம்மல் தளர்ந்து, நொடிக்கு ஒன்றாகி, இரண்டு நொடிக்கு ஒன்றாகி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அந்தக் கணத்தில் இருவர் முகத்திலும் ஒரு திகைப்பு வருவதைப் பார்க்கலாம். சுற்றி நிற்பவர்களுக்கும் அது கேட்கும். இரண்டு குழல்கள் ஒரே குழலாகி, அறையில் ஒலி தடித்தது போலிருக்கும். அதன்பின் அந்த மாணவர்கள் செயலியைத் தேடுவது குறைகிறது, பக்கத்தில் இருப்பவரின் பக்கம் தலை சாய்வது கூடுகிறது. இந்த ஒரு பயிற்சிக்கு ஒரு மணி நேரம் செலவானாலும் நான் வருந்துவதில்லை. ஒத்திகை நேரம் போகிறதே என்று கடிகாரத்தைப் பார்க்கும் சக ஆசிரியர்கள் உண்டு. அந்த நேரம் அடுத்த நாளே வட்டியோடு திரும்பக் கிடைப்பதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

யார் யாரைக் கேட்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நின்று, முழவோடு ஆமந்திரிகை என்ற வாத்தியம் கூடி இசைத்ததாக ஒரு வரிசை சொல்லப்படுகிறது. எல்லோரும் எல்லோரையும் கேளுங்கள் என்று பொதுப்படையாகச் சொல்வதைவிட, இன்னார் இன்னாரைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற இந்த ஏற்பாடு பள்ளி மாணவர்களுக்கு எவ்வளவோ உதவுகிறது. இரண்டாம் வயலின் செல்லோவைக் கேட்கட்டும். புல்லாங்குழல் ஓபோவைக் கேட்கட்டும். ட்ரம்போன் டபுள் பாஸைக் கேட்கட்டும் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைக் குறித்துக் கொடுத்தால், மாணவனின் கவனத்துக்கு ஒரு திசை கிடைக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, பின்வரிசைத் தாள வாத்தியங்கள். அகன்ற மேடையில் முன்வரிசை வயலினுக்கும் கடைசி வரிசை டிம்பனிக்கும் இடையே 12 மீட்டர் தூரம் இருந்தால், ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ 35 மில்லி விநாடி ஆகிறது. டிம்பனிக்காரர் வயலினைக் காதால் கேட்டுச் சேர்ந்து அடித்தால், அந்த அடி முன்வரிசைக்குத் திரும்பி வரும்போது 70 மில்லி விநாடி தாமதம். நிமிடத்துக்கு 120 என்ற நடையில் ஓர் எண்ணிக்கையின் கால் பங்கு 125 மில்லி விநாடிதான். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆகவே பின்வரிசையினர் காதை நம்பாமல் குழுவை நடத்துபவரின் கையை நம்ப வேண்டும். தாளம் பிந்துகிறது என்று திட்டு வாங்கியே பழகிய ஒரு மாணவனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், அவன் உடனே நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் திறமையில் குறையில்லை, தான் நிற்கும் இடத்தின் இயல்பு அது என்று தெரிந்துகொள்வதே அவனுக்குப் பாதித் தெம்பு.

இருக்கைத் தேர்வு எனக்கு ஒவ்வாத வழக்கம். வந்து இறங்கிய சில மணி நேரத்தில், முன்பின் தெரியாத ஆசிரியர் முன்னால், பயணக் களைப்போடு ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, அதை வைத்து முதல் இருக்கை, கடைசி இருக்கை என்று முகாம் முழுமைக்கும் வரிசைப்படுத்துகிறார்கள். திறமையை அளக்காமல் பகுதிகளைப் பிரிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசையைக் கல்லில் பொறித்தது போல் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு படைப்புக்கும் இருக்கைகளைச் சுழற்றினால், பின்னால் இருப்பவர் ஒரு முறை முன்னால் வந்து பொறுப்பை உணர்வார். முன்னால் இருப்பவர் பின்னால் சென்று, தான் இதுவரை கேட்டிராத குழுவின் ஒலியைக் கேட்பார். எனக்கு இரண்டாவது பயனே பெரிதாகப் படுகிறது.

படைப்புகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல முகாம்கள் சறுக்குகின்றன. இறுதி நிகழ்ச்சியில் பெயர் பெற வேண்டும் என்ற ஆசையில், மாணவர்களின் விரலுக்கு எட்டாத ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். பிறகு முகாம் முழுவதும் சுரங்களைத் துரத்துவதிலேயே கழிகிறது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்க யாருக்கும் காது மிச்சமிருப்பதில்லை. எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று மிகத் தாழ்ந்த நிலையில் ஒன்றை எடுத்தால், தேர்ந்த மாணவர்கள் இரண்டாம் நாளே கொட்டாவி விடுகிறார்கள். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் அரங்கேற்றிய, நோவாவின் வெள்ளக் கதையைக் கூறும் இசை நாடகம் இந்தச் சிக்கலுக்கு ஓர் அருமையான விடை. தொழில்முறைக் கலைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாக வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது அது. வயலினையே அவர் தேர்ச்சிக்கேற்ப மூன்று பகுதிகளாகப் பிரித்தார். மூன்றாம் வயலின் பகுதியில் பெரும்பாலும் விரல் வைக்காத வெறுந்தந்திகளே வருகின்றன. நேற்று வில்லைப் பிடித்த பிள்ளைகூட அதை வாசித்துவிடும். நூலில் கட்டித் தொங்கவிட்ட கோப்பைகளைத் தட்டி மழைத்துளிகளின் ஒலியை எழுப்பும் வேலையும் சிறுவர்களுக்குத்தான். எளிய பகுதி என்பதற்காக அதை இசையின் ஓரத்தில் அவர் ஒதுக்கவில்லை. அந்த வெறுந்தந்திகளை எடுத்துவிட்டால் அங்கே ஓட்டை விழும். முகாமுக்குப் படைப்புத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாப் பகுதிகளும் அடங்கிய முழுத்தாளைப் புரட்டும்போது கடைசிப் பகுதியில் தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்றாம் கிளாரினெட்டுக்கு என்ன இருக்கிறது? நாற்பது பார் (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளக் கட்டம்) ஓய்வும் நான்கு சுரமும் மட்டும் என்றால் அந்தப் படைப்பு வேண்டாம்.

பயிலரங்குகளைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம் உண்டு. விருந்தினராக வரும் கலைஞர் ஒரு மணி நேரம் தாமே வாசித்து, தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லி, கடைசிப் பத்து நிமிடத்தில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்பதைப் பயிலரங்கு என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிடுகிறார்கள். அது நல்ல கச்சேரியாக இருக்கலாம். பயிலரங்கு என்றால் பிள்ளைகளின் கையும் வாயும் காலும் வேலை செய்ய வேண்டும்.

ஏழு எண்ணிக்கைத் தாளத்தைப் பற்றிய ஒரு பயிலரங்கை எடுத்துக்கொள்வோம். இக்காலத்தில் பள்ளிக் குழுக்களுக்கு எழுதப்படும் படைப்புகளில் ஏழும் ஐந்தும் அடிக்கடி வருகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வாசிக்கும் மாணவர்கள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே தடுமாறி விழுகிறார்கள். வாத்தியங்களையெல்லாம் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, தகிட தகதிமி என்று வாயால் சொல்லிக் கையால் தட்டச் சொன்னால், எண்களின் தொல்லை தீர்ந்து சொல்லின் வடிவமே கணக்கைச் சுமந்துகொள்கிறது. பிறகு பாதிப் பேர் தகிட தகதிமி என்றும் பாதிப் பேர் தகதிமி தகிட என்றும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். மூன்றும் நான்கும், நான்கும் மூன்றும் ஒன்றோடொன்று மோதி ஏழின் முடிவில் சந்திக்கும். முதலில் சிரிப்பும் கூச்சலுமாகக் குலையும்; மெதுவாக நிற்கும்; நின்றபின் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல வேண்டும். தாளம் காலில் இறங்கிய பிறகுதான் வாத்தியத்தை எடுக்க விடுவது நல்லது. அதன் பின் அதே பக்கத்தை வாசிக்கும்போது, விழுந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள்.

சேர்ந்திசைப் பிரிவில் கைச் சைகைகளைக் கொண்டு நடத்தும் பயிலரங்கும் அத்தகையதே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் வகுத்த சைகைகளை ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் வழிவந்த ஆசிரியர்கள் உலகெங்கும் பரப்பினார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை வடிவம். பயிற்சியாளர் இடக்கையை ஒரு குழுவுக்கும் வலக்கையை மற்றொரு குழுவுக்கும் ஒதுக்கி, இடக்கையை ஆதார சுரத்தில் நிறுத்திவிட்டு வலக்கையை மட்டும் மேலே நகர்த்துவார். தாள் இல்லை, பாடல் வரி இல்லை; ஒரு குழு தன் சுரத்தைவிட்டு நழுவாமல் நிற்கும்போது மற்றக் குழு அதன்மேல் ஏறி இறங்குகிறது. நிற்பவர்களுக்குத்தான் அது கடினம். ஏறுபவர்களோடு சேர்ந்து அவர்களும் ஏறிவிடுவார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் ஊன்றி நிற்கக் கற்றுக்கொள்வார்கள்.

சேர்ந்திசை என்றதும் மகரக்கட்டு வந்த பையன்களின் நினைவு வருகிறது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும் வயது அது. இறங்கும் வழியில் சில மாதங்கள் நான்கைந்து சுரங்களுக்கு மேல் எதுவும் நம்பகமாக வராது. ஒரு முகாமில் அப்படிப்பட்ட பையன்களைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசையுங்கள் என்று சொன்னதை நான் நேரில் கண்டேன். அன்று மாலையே அவர்களில் ஒருவன் தாளக் கருவிகளின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மீண்டும் பாட வந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கும் ஒரு பகுதியை எழுதிக் கொடுப்பது இசை தெரிந்த ஆசிரியருக்கு அரை மணி நேர வேலை. பாட முடியாது என்று அந்த வயதில் ஒரு முறை சொல்லப்பட்டவர்கள் அதை வாழ்நாள் முழுதும் நம்பிவிடுகிறார்கள்.

உடல்நலத்தைப் பற்றி ஒரு சொல். வீட்டில் நாளுக்கு அரை மணி நேரம் ட்ரம்பெட் ஊதும் பிள்ளை முகாமில் ஐந்து மணி நேரம் ஊதினால், இரண்டாம் நாள் உதடு வீங்கிவிடும். ஆகவே காலையில் முழு ஒத்திகை என்றால் மாலையில் அவர்களுக்கு வாத்தியம் தொடாத பயிலரங்காக இருக்க வேண்டும். காதுக்கும் ஓய்வு வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம். தாழ்ந்த கூரையுள்ள வகுப்பறையில் பித்தளை வாத்தியக் குழு ஒத்திகை செய்தால் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சிறிய அறையைப் புல்லாங்குழல்களுக்குக் கொடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

முகாமின் நடுவில் மாலைதோறும் நடக்கும் மாணவர் கச்சேரிகளே எனக்கு மிகவும் பிடித்தவை. பெற்றோர் இல்லை, சீருடை இல்லை, மேடை அலங்காரம் இல்லை. விருப்பமுள்ளவர்கள் தனியாகவோ இருவர் மூவராகவோ ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் ஏதேனும் வாசிக்கலாம், பாடலாம். கேட்பவர்கள் அனைவரும் சக மாணவர்கள். இதில் ஒரே ஒரு விதியை வைத்தால் போதும்: கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தாம் கேட்ட ஒன்றை ஒரு வரியில் எழுதித் தர வேண்டும். நன்றாக இருந்தது என்று எழுதக் கூடாது. பாராட்டும் வேண்டாம், குறையும் வேண்டாம். காதில் விழுந்ததை எழுதினால் போதும். முதல் மாலை எழுதியவற்றில் பெரும்பாலும் சாரமிராது. வேகமாக வாசித்தார், உரக்கப் பாடினார் என்பது போல இருக்கும். இரண்டு மூன்று மாலைகளில் வரிகள் மாறிவிடும். ட்ரம்போன் வாசிக்கும் ஒரு மாணவன், பாடகி மூச்சு எடுத்த இடத்தில் பியானோ வாசித்த பெண் இடக்கையை ஒரு நொடி தாமதித்தாள் என்று எழுதியிருந்தான். அதைப் படித்த பியானோப் பெண்ணுக்கே தான் அப்படிச் செய்தது தெரியாது. மறுநாள் ஒத்திகையில் அந்த ட்ரம்போன் மாணவன், யாரும் சொல்லாமலே, ஹார்ன்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் தன் சுரத்தை விடாமல் தாங்கிப் பிடித்தான்.

அந்த மாலைகளில் தடுமாறுகிறவர்களும் உண்டு. நடுவில் நின்றுபோய், மன்னிக்கவும் என்று சொல்லி மீண்டும் தொடங்குவார்கள். சக மாணவர்களுக்கு முன்னால் நின்றுபோவது பெற்றோருக்கு முன்னால் நின்றுபோவதைவிட எளிது. எதிரே இருப்பவர்களும் அடுத்து மேடையேறப் போகிறவர்கள்தாமே. ஆசிரியர்கள் பின்வரிசையில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதுதான் இங்கே சிறந்தது. எங்களுக்கு அது கைவருவதில்லை என்பது வேறு விஷயம்.

இறுதி நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அன்று காலை முழு நிகழ்ச்சியையும் ஒருமுறை வாசித்து மாணவர்களைக் களைப்படையச் செய்யக் கூடாது. உரைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். பயிலரங்கில் செய்த ஏழு எண்ணிக்கைச் சொற்கட்டையோ கைச் சைகைப் பாடலையோ இரண்டு நிமிடம் மேடையில் செய்து காட்டினால், பெற்றோருக்கு அந்த நாள்களில் என்ன நடந்தது என்பது ஓரளவு புரியும். அவர்களையும் சேர்ந்து தட்டச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு கவனிக்க வேண்டிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாணவர்களின் இசைத்தாள்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவையாகவோ முகாமின் சேகரிப்பைச் சேர்ந்தவையாகவோ இருக்கும். பென்சில் குறிகளை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவிப்பு வரும். பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அவர்களும் ரப்பரை எடுத்துப் பரபரவென்று அழிப்பார்கள். இங்கே செல்லோவைக் கேள், இந்த இடத்தில் ஓபோவுக்கு வழி விடு, இங்கே என் சுருதி ஏறும் என்றெல்லாம் அவர்களே எழுதிய குறிகள் அவை. அழிப்பதற்கு முன் அவற்றை அந்தந்தப் பாரின் எண்ணோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லி, கடைசி நாள் நிரலில் அதற்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்குத் திரும்பியதும் இசையாசிரியர் முதலில் வாங்கிப் பார்க்க வேண்டியதும் அந்த நோட்டைத்தான். அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டத்தில் பாதி அதிலேயே இருக்கும்.